வாசகர் கேள்வி பதில்: தண்ணீர்ச் சண்டையைப் படித்த பேராசிரியர்

கேள்வி: நான் பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் "இதைப் படிச்சு எம்.எல்.ஏ. ஆகப் போறியா" என்றே கேட்கிறார்கள். பி.காம். சேர்ந்திருக்கலாமே என்று அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இந்தப் பாடத்தைப் படித்து உலக அளவில் பெயர் வாங்கியவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், வீட்டில் காட்ட வேண்டும்.
- ஒரு மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: எலினோர் ஆஸ்ட்ரம் என்ற பெயரைச் சொல்லுங்கள், அது ஒன்றே போதும். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில், புளூமிங்டன் என்ற ஊரில், 1965-ல் வேலைக்குச் சேர்ந்து 2012-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்த அரசியல் அறிவியல் பேராசிரியர். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பரிசு 1969 முதல் கொடுக்கப்படுகிறது. அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

ஆனால் வீட்டில் காட்டும்போது நோபலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அதற்கு முந்தைய கதையைச் சொல்லுங்கள். 1933-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட, அம்மாவோடு வளர்ந்தார். பணக்கஷ்டமான காலம், வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைச் சாப்பிட்ட குடும்பம். பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போய்ச் சொந்தக் காலில் நின்றவர் அவருடைய அம்மா. மகள் எதற்காகக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை. (உங்கள் அம்மா பி.காம். வரைக்குமாவது ஒத்துக்கொள்கிறாரே!) கடையிலும் நூலகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே படித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மூன்றே வருடத்தில் அரசியல் அறிவியல் பட்டத்தை முடித்தார். அது 1954. வேலை தேடிப் போன இடங்களில் எல்லாம் முதல் கேள்வி, டைப்பிங் தெரியுமா, ஷார்ட்ஹாண்ட் தெரியுமா என்பதுதான்.

அப்புறம் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு முயன்றார், கிடைக்கவில்லை. காரணம், அவர் பள்ளியில் திரிகோணவியல் படிக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு என்று அந்தக் காலத்தில் அங்கேயும் படிக்க விடவில்லை. அரசியல் அறிவியல் துறைதான் எடுத்துக்கொண்டது, அதுவும் முழு மனதோடு இல்லை; 40 பேர் வகுப்பில் பெண்கள் நான்கு பேர், அந்த நால்வரைச் சேர்த்ததே தப்பு என்று ஆசிரியர்களில் சிலர் பேசினார்கள். 1965-ல் பட்டம் வாங்கினார். பொருளாதாரத் துறை கதவைச் சாத்திய பெண் நாற்பத்து சொச்சம் வருடம் கழித்துப் பொருளாதார நோபல் வாங்கினார். இதை உங்கள் சித்தப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், நீங்கள் இந்தப் பாடத்தை விரும்பித்தானே எடுத்தீர்கள்? விரும்பி எடுத்திருந்தால் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: அரசியல் அறிவியல் பேராசிரியருக்குப் பொருளாதாரப் பரிசை எப்படிக் கொடுத்தார்கள்? அப்படி என்ன கண்டுபிடித்துவிட்டார்?
- ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: 1968-ல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலம். ஒவ்வொருவனும் இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று விட்டுக்கொண்டே போவான், லாபம் அவனுக்கு, நஷ்டம் எல்லாருக்கும், கடைசியில் புல்லே மிஞ்சாது. ஆகவே ஒன்று அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் துண்டு போட்டுத் தனியாருக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த வாதம் உலகம் முழுக்கப் பரவியது, பல நாடுகளில் கொள்கையாகவே மாறியது. காட்டை வனத்துறை எடுத்துக்கொண்டதற்கும், பொது நிலத்தைக் கூறு போட்டதற்கும் இது நல்ல சாக்காக இருந்தது.

ஆஸ்ட்ரம் கேட்டது மிக எளிய கேள்வி. நிஜத்தில் அப்படித்தான் நடக்கிறதா? ஹார்டின் சொன்ன மேய்ச்சல் நிலம் கற்பனையானது. அதில் மேய்ப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை! ஆஸ்ட்ரம் நிஜமான மேய்ச்சல் நிலங்களையும் வாய்க்கால்களையும் மீன்பிடி இடங்களையும் தேடிப் போனார், மற்றவர்கள் செய்த கள ஆய்வுகளையும் நூற்றுக்கணக்கில் சேர்த்து ஒப்பிட்டார். சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் மேய்ச்சலுக்குப் பல நூற்றாண்டாக விதி இருக்கிறது, குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு ஒருவரால் தீவனம் போட முடியுமோ அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு விடலாம். ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் வாய்க்கால் பாசன விவசாயிகளின் தண்ணீர் நீதிமன்றம் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் கூடுகிறது, வழக்கு வாய்மொழியாகவே நடந்து அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது துருக்கியில் அலன்யா என்ற ஊர் மீனவர்களின் ஏற்பாடு. நல்ல மீன் கிடைக்கும் இடத்துக்கு அடிதடி நடந்த ஊர் அது. மீனவர்களே உட்கார்ந்து எல்லா இடங்களுக்கும் பெயர் வைத்துப் பட்டியல் போட்டார்கள், வலைக்கு வலை இடிக்காத தூரத்தில். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஓர் இடம். அதன் பிறகு ஜனவரி வரை தினமும் ஒவ்வொருவரும் கிழக்கே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும், ஜனவரியிலிருந்து மே வரை மேற்கே. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் சுற்றி வந்துவிடும். இதைக் கண்காணிக்கத் தனியாக அதிகாரியும் வேண்டாம். தன் முறைக்கு நல்ல இடம் வரும் நாளில் யார்தான் விடிவதற்கு முன்னால் போய் நிற்க மாட்டான்? வேறு எவனாவது அங்கே நின்றால் அவனே பார்த்துக்கொள்வான்.

1990-ல் இதையெல்லாம் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். ஊர்கள் பொதுச்சொத்தைச் சில சமயம் காப்பாற்றுகின்றன, சில சமயம் அழிக்கின்றன, எப்போது எது நடக்கிறது என்பதற்கான நிபந்தனைகள் அதில் இருந்தன. கவனியுங்கள், மக்கள் நல்லவர்கள், விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை, தோற்றுப்போன ஊர்களையும் அதே புத்தகத்தில் எழுதினார். நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், அவர் விளையாட்டுக் கோட்பாட்டைப் (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும்போது என்ன நடக்கும் என்று கணக்கிடும் கணிதம், கேம் தியரி) பயன்படுத்தினார், பொருளாதார நிபுணர்களோடு சேர்ந்து ஆய்வுக்கூடச் சோதனைகளும் நடத்தினார். சோதனையில் கலந்துகொண்டவர்களை ஒருவருக்கொருவர் பேச விடாதபோது பொதுப்பணத்தைச் சூறையாடினார்கள், நேரில் பேச அனுமதித்ததும் கூட்டாகச் செயல்படுவது வெகுவாக ஏறியது. பேசிக்கொண்டதை மீறினால் தண்டிக்க வெளியாள் யாருமில்லை என்ற நிலையிலும்கூட! திரிகோணவியல் தெரியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் செய்த வேலை இது.

கேள்வி: எங்கள் தோப்பு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் திறந்தால் மேலே இருப்பவர்கள் வாய்க்காலுக்குள்ளேயே ஓஸைப் போட்டு மோட்டாரில் இழுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கு வந்து சேரும்போது அடைப்பு நாள் வந்துவிடுகிறது. மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது. மகன் செல்போனில் இந்த ஆஸ்ட்ரம் அம்மாவைப் பற்றிப் படித்துக் காட்டினான். அமெரிக்காக்காரருக்கு நம்ம கடைமடை பற்றி என்னங்க தெரியும்?
- தென்னை விவசாயி, எருத்தேம்பதி

பதில்: தெரியும் ஐயா. அவருடைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி கடைமடை பற்றியதுதான்.

நேபாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு வகைப் பாசனம். ஒன்று, விவசாயிகளே வெட்டி, விவசாயிகளே பார்த்துக்கொள்வது. அணை என்று சொன்னால் கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டுக் கட்டியது, மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும், மறுபடி எல்லாரும் சேர்ந்து கட்ட வேண்டும். இன்னொன்று, அரசு கட்டிய நல்ல கான்கிரீட் தடுப்பணை, சிமெண்ட் வாய்க்கால், சம்பளத்துக்கு ஊழியர்கள். எதில் கடைமடைக்குத் தண்ணீர் அதிகம் போனது? ஆஸ்ட்ரமும் அவருடைய மாணவர்களும் நேபாள ஆய்வாளர்களும் பல வருடம் நூற்றுக்கணக்கான பாசன அமைப்புகளின் தகவலைச் சேர்த்துப் பார்த்ததில், மண்ணும் கிளையும் போட்ட விவசாயிகள் அமைப்பில்தான். விளைச்சலும் அதில்தான் அதிகம்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். மண் அணை வருடா வருடம் உடைகிறது. அதைத் திரும்பக் கட்டவும் வாய்க்காலில் தூர் வாரவும் தலைமடைக்காரர்களால் மட்டும் முடியாது, கடைமடைக்காரர்களின் ஆள்பலம் வேண்டும். "எங்களுக்குத் தண்ணீர் விடு, நாங்கள் வேலைக்கு வருகிறோம்" என்று கடைமடை பேரம் பேச முடிந்தது. கான்கிரீட் வந்ததும் அணை உடைவது நின்றது, வேலையும் நின்றது, கடைமடைக்காரன் தலைமடைக்காரனுக்குத் தேவைப்படாதவனாகிவிட்டான். கான்கிரீட் தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதைப் போடும்போதே யாருக்கு எவ்வளவு தண்ணீர், யார் பார்த்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யாமல் போட்டதுதான் வினை. நம் பக்கத்து வாய்க்கால்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. சிமெண்ட் பூசுவதற்குப் பணம் வரும், முறை வைப்பதைப் பற்றி ஒரு கூட்டம்கூட நடக்காது.

இன்னொன்று இதைவிடப் பக்கத்தில் நடந்தது. ஆந்திராவில் கர்நூல் மாவட்டத்தில் ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் வாய்க்கால் பாசனக் கிராமங்களைப் படித்து 1988-ல் புத்தகம் போட்டார், ஆஸ்ட்ரம் அதை நிறையப் பயன்படுத்திக்கொண்டார். அங்கே தாராளமாகத் தண்ணீர் வரும் தலைமடைக் கிராமங்கள் எந்த ஏற்பாடும் செய்துகொள்ளவில்லை. கடைமடைப் பக்கத்துக் கிராமங்கள்தான் தாங்களாகவே ஒரு ஊர்ச்சபை, ஒரு பொது நிதி, சம்பளத்துக்குப் பொது நீர்க்கட்டிகள் (வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள்) என்று அமைத்துக்கொண்டன. பணம் எங்கிருந்து? அறுவடை முடிந்த வயலில் தாளை மேய்க்க ஆட்டு மந்தைக்காரர்களிடம் ஊர் மொத்தமாகப் பேசி வாங்கிய காசு அதில் ஒன்று. அந்த நீர்க்கட்டி எந்த வயலுக்கு எப்போது என்று முடிவு செய்வார், நில உடைமையாளர் வரப்புக்கு வந்து கத்த வேண்டியதில்லை. தேவைதான் அவர்களைச் சேர்த்தது, சட்டம் இல்லை.

உங்கள் வாய்க்காலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், என் அபிப்பிராயம் இது. மேலே மணக்கடவில் தண்ணீர் அளக்கப்படுகிறது, 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்கு இருக்கிறது, குறைந்தால் இரண்டு மாநிலமும் பேசுகின்றன, செய்தித்தாளில் வருகிறது. ஆனால் அதே தண்ணீர் உங்கள் கிளை வாய்க்காலுக்குள் வந்த பிறகு யாரும் அளப்பதில்லை. அங்கேதான் கைவைக்க வேண்டும். மதகுக்கு மதகு ஒரு அளவுக் கம்பு நட்டு, தினமும் காலையில் எத்தனை அங்குலம் என்று ஒரு நோட்டில் எழுதி, டீக்கடையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். எழுதுகிறவர் ஒரு நாள் தலைமடைக்காரர், ஒரு நாள் கடைமடைக்காரர் என்று மாறி மாறி இருக்கட்டும். ஆஸ்ட்ரம் பார்த்த வெற்றிகரமான ஊர்கள் எல்லாவற்றிலும் கண்காணிப்பு இருந்தது, கண்காணித்தவர்கள் பாசனக்காரர்களாகவோ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாகவோ இருந்தார்கள். அதே மாதிரி, தண்டனை சின்னதாக ஆரம்பித்தது. முதல் தடவை ஓஸ் போட்டவனுக்கு போலீஸ் கேஸ் என்றால் ஊர் இரண்டாகிவிடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். முதல் தடவை கூப்பிட்டுச் சொல்வது, அடுத்த தடவை சின்ன அபராதம், பிறகு ஒரு முறைத்தண்ணீர் இல்லை என்று படிப்படியாகப் போனால்தான் நிற்கும்.

தலைமடைக்காரர்கள் கூட்டத்துக்கே வரமாட்டார்கள் என்பீர்கள். அவர்களுக்கும் உங்களிடம் ஏதாவது ஒரு தேவை இருக்கும், தோப்பு வேலைக்கு ஆளோ, வண்டிப் பாதையோ, கூட்டுறவுச் சங்கத்தில் ஓட்டோ. அதைக் கண்டுபிடித்துவிட்டுப் பேசப் போங்கள். வெறும் நியாயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைமடை ஜெயித்ததை நான் பார்த்ததில்லை.

கேள்வி: நோபல் பணத்தை என்ன செய்தார்?
- வேலந்தாவளம் வாசகர்

பதில்: தன் பங்கைப் பல்கலைக்கழகத்தில் தன்னுடைய ஆய்வு மையத்துக்கே கொடுத்துவிட்டார். ஒரு கோடி ஸ்வீடிஷ் குரோனர் பரிசு, ஆலிவர் வில்லியம்சனும் இவரும் பாதிப் பாதி.

கேள்வி: ஊர் மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்றால் பிளாச்சிமடையில் ஏன் முடியவில்லை? எங்கள் பஞ்சாயத்திலேயே வருடா வருடம் போர்வெல் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. நிலத்தடி நீருக்கு யார் காவல்?
- பெருமாட்டி வாசகர்

பதில்: பிளாச்சிமடையில் மக்களால் முடியவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2000-ல் அங்கே குளிர்பான ஆலை வந்தது, கிணற்றுத் தண்ணீர் குறைந்து கெட்டுப்போனது என்று எரவாளர் பழங்குடிக் குடியிருப்புப் பெண்கள்தான் முதலில் எழுந்தார்கள், மயிலம்மா அவர்களில் ஒருவர். 2002 ஏப்ரலில் போராட்டப் பந்தல் போட்டார்கள், 2003-ல் பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் நீங்கள் கேட்பதன் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்றார். 2005-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. ஊர் போடும் விதியை மேலே இருக்கும் அரசும் நீதிமன்றமும் மதித்தால்தான் ஊர் நிற்க முடியும் என்பது ஆஸ்ட்ரம் சொன்ன நிபந்தனைகளில் ஒன்று. அவரை 'அரசு வேண்டாம் என்றவர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு.

சொல்லப்போனால் அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சியே போர்வெல் பற்றியதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரையோரம் வெஸ்ட் பேசின் என்ற நிலத்தடி நீர்ப்படுகை. நகராட்சிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் போட்டி போட்டு உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. யார் முதலில் பம்பை நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை, ஒருவன் நிறுத்தினால் பக்கத்து ஆள் இன்னும் அதிகம் எடுப்பான். அங்கே உறிஞ்சுகிறவர்களே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், நீர்மட்டம் பற்றிய கணக்கை எல்லாருக்கும் பொதுவாக வைத்தார்கள், நீதிமன்றத்துக்குப் போய் வெட்டுக் குத்து இல்லாமல் சமரசமாகவே ஆளுக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொண்டார்கள், பிறகு வரி போடும் அதிகாரத்தோடு ஒரு பொது அமைப்பை உண்டாக்கி, கடற்கரையோரம் வரிசையாகக் கிணறு போட்டு நல்ல தண்ணீரை உள்ளே செலுத்திக் கடல்நீரைத் தடுத்தார்கள். ஆராய்ச்சி மாணவியாக அவர் அந்தக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து கேட்டார். மக்கள், நீதிமன்றம், அரசு மூன்றும் அதில் இருந்தன.

உங்கள் பஞ்சாயத்தில் இன்று எத்தனை போர்வெல், என்ன ஆழம், எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற கணக்கு யாரிடமாவது முழுசாக இருக்கிறதா? அது இல்லாமல் காவலைப் பற்றிப் பேச முடியாது. கிராமசபையில் முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் தமிழன் செய்ததற்கு அமெரிக்கப் பெண்மணிக்குப் பரிசா?
- பாலக்காடு தமிழ்ச் சங்க உறுப்பினர் ஒருவர்

பதில்: முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, குடவோலை முறையும் ஏரி வாரியமும் அவற்றில் இருக்கின்றன. பெருமைப்பட வேண்டியதுதான், நானும் படுகிறேன். ஆனால் ஊர் கூடி ஏரியைப் பார்த்துக்கொள்வதைத் தான் கண்டுபிடித்ததாக ஆஸ்ட்ரம் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை, அவர் சொன்னதே இதற்கு நேர்மாறானது. மக்கள் நெடுங்காலமாகச் செய்துகொண்டிருப்பதைப் படித்தவர்கள் பார்க்கத் தவறினார்கள் என்பதைத்தான் நிரூபித்தார். நிரூபிப்பது தனி வேலை. எது எங்கே நிலைத்தது, எது ஏன் உடைந்தது என்று ஊர் ஊராக ஒப்பிட்டு, மறுக்கிறவர்களும் மறுக்க முடியாதபடி காட்டியதற்குத்தான் பரிசு.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்ல வேண்டும். உத்திரமேரூரில் வாரிய உறுப்பினராக நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் வேண்டும். ஏரியில் மண் சுமந்தவருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஊர் என்று சொல்லும்போது அதில் யார் யார் சேர்த்தி என்ற கேள்வி இன்றைக்கும் இருக்கிறது. ஆஸ்ட்ரத்தின் ஆய்வில் சாதியும் அதிகாரமும் போதிய அளவு வரவில்லை என்று விமர்சனம் உண்டு, அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். விதி போடும் கூட்டத்தில் விதிக்குக் கட்டுப்படுகிறவர்கள் எல்லாரும் இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். நம் ஊரில் அந்தக் கூட்டத்தில் யார் திண்ணையில் உட்காருகிறார், யார் வாசலில் நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முழுமையாகும்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அவர் வாங்கிய விருதுகள், வகித்த பதவிகள் மட்டும் சொன்னால் போதும்.
- கஞ்சிக்கோடு வாசகர்

பதில்: சரி. 1973-ல் கணவர் வின்சென்ட் ஆஸ்ட்ரமோடு சேர்ந்து இந்தியானாவில் அரசியல் கோட்பாடு, கொள்கை ஆய்வுப் பட்டறையை ஆரம்பித்தார். (இருவரும் ஒரு தச்சரிடம் மரவேலை கற்றவர்கள், அங்கே கூடச் சேர்ந்து வேலை செய்த அனுபவத்தில்தான் பட்டறை என்றே பெயர் வைத்தார்கள்.) 1980 முதல் 1984 வரை துறைத் தலைவர். 1996-97-ல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைவர். 1999-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் தரும் யோஹான் ஷிட்டே பரிசு, இது அரசியல் அறிவியலில் மிகப் பெரியது, அதையும் வாங்கிய முதல் பெண் இவர்தான். 2001-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர். 2009-ல் நோபல். 2012-ல் 'டைம்' இதழின் நூறு பேர் பட்டியல். அதே வருடம் ஜூன் 12-ல் கணையப் புற்றுநோயால் மறைந்தார், வயது 78. பதினேழு நாள் கழித்து வின்சென்டும் போய்விட்டார். 2020-ல் புளூமிங்டன் வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள், அந்த வளாகத்தில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்ட முதல் சிலை. பொருளாதார நோபலில் அவருக்கு அடுத்த பெண் 2019-ல் எஸ்தர் டுஃப்லோ, அதற்கடுத்து 2023-ல் கிளாடியா கோல்டின். இதைத் தேர்வில் கேட்பார்கள்.

பட்டியலில் வராத ஒன்றை நானாகச் சேர்க்கிறேன். 1965-ல் இந்தியானாவில் வேலைக்கு எடுத்தது வின்சென்டை, இவரை இல்லை. இவருக்குக் கிடைத்தது செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் காலை ஏழரை மணிக்கு முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்ற இடம். சரி என்று போனார். மேலே சொன்ன எல்லாம் அந்த ஏழரை மணி வகுப்புக்குப் பின்னால் வந்தவை.

கேள்வி: எனக்கு 31 வயது, இரண்டு குழந்தைகள். தமிழில் பி.ஏ. முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்க ஆசை. இனிமேல் படித்து என்ன என்று எனக்கே தோன்றுகிறது.
- நல்லேப்பிள்ளி வாசகி

பதில்: ஆஸ்ட்ரம் முதல் பட்டம் வாங்கிய பிறகு, சட்டம் படித்துக்கொண்டிருந்த முதல் கணவருக்காகப் பல வருடம் கம்பெனிகளில் வேலை பார்த்தார். அந்தத் திருமணம் முறிந்து, திரும்பி வந்து, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியபோது உங்கள் வயதுதான். ஆகவே வயதை விடுங்கள் சகோதரி, நேரத்தைப் பற்றி யோசிப்போம்.

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் எம்.ஏ. இருக்கிறது, எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் சேரலாம், குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் நான்கு வருடத்துக்குள் முடிக்கலாம். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இரண்டே வருடத்தில் முடிக்க வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்காதீர்கள், மூன்று வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். நீங்கள் தமிழில் படித்தவர் என்பதால் முதல் ஆறு மாதம் சிரமமாக இருக்கும்; சேருவதற்கு முன்பே முதல் தாளின் பாடங்களை அவர்கள் இணையதளத்தில் இலவசமாக எடுத்துத் தினம் நான்கு பக்கம் படித்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள், எந்த ஒரு மணி நேரம் உங்களுடையது என்று.

கேள்வி: அவர் இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா? அவர் எழுதியதில் முதலில் எதைப் படிப்பது?
- மீனாட்சிபுரம் நூலக வாசகர் வட்டம்

பதில்: வந்திருக்கிறார். 2011 ஜனவரியில் பொதுவளங்கள் பற்றிய உலக மாநாடு ஐதராபாத்தில் நடந்தபோது வந்தார். அதே ஜனவரி 28-ம் தேதி, கிராமத்துப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது, உங்கள் வட்டத்தில் அதையும் எடுத்துப் பேசலாம், ஏரிக்கரை ஆக்கிரமிப்பு இல்லாத ஊர் நம் பக்கம் எது?

முதலில் 1990 புத்தகத்தை எடுக்காதீர்கள், நடை கொஞ்சம் கடினம், பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள். 2009 டிசம்பர் 8-ம் தேதி ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்றிய நோபல் உரை நோபல் பரிசு இணையதளத்தில் காணொளியாகவும் எழுத்தாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் காணொளியைப் போட்டுக் கேளுங்கள், நேபாளத்து வாய்க்கால் அதில் வருகிறது. அதே இடத்தில் அவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பும் இருக்கிறது, அது எளிய ஆங்கிலம், பிளஸ் டூ பிள்ளைகளே படித்துவிடலாம். வட்டத்தில் யாராவது அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதி நூலகத்தில் வைத்தால், கொழிஞ்சாம்பாறை மாணவிக்கும் ஒரு பிரதி எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள், நாங்கள் சேர்த்துவிடுகிறோம்.